அந்தப் புங்கியை நிறுத்துங்கள், தம்பிகளே

தாராவியிலும் சயானிலும் மல்யுத்த ஷோ நடத்தும் தம்பிகளுக்கு,

வணக்கம். 90 அடி ரோட்டுக்குப் பின்னால் தோல் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் எழுதுகிறேன். உங்கள் சாம்பியன் பெல்ட்டைத் தைத்துக் கொடுத்தவன். உங்களில் இரண்டு பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று தெரியும். மற்றவர்கள் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நேரில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை நீங்கள் பயிற்சி எடுக்கும் இடத்துக்கு வந்தேன். இரண்டு தடவையும் ரிங்கைப் பொருத்தும் வேலையில் ஓடிக்கொண்டிருந்தீர்கள். நம் தமிழ்ப் பையன் ரிங்குக்கு வரும்போது நீங்கள் போட்ட அந்தப் புங்கி, அதாவது மகுடிப் பாட்டைப் பற்றித்தான் பேச வந்தேன். இது நின்ற இடத்தில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமும் இல்லை. உங்களைப் பார்த்து இதே மாதிரி ஷோ போட வேறு ஏரியாப் பிள்ளைகளும் கிளம்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன்.

உங்கள் ஆட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்புச் சட்டத்தின் மேல் பிளைவுட், அதன் மேல் விரல் தடிமன் ஃபோம், அதன் மேல் கான்வாஸ். அவ்வளவுதான் உங்கள் ரிங். யார் ஜெயிப்பார் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பது எட்டு வயசுப் பையனுக்கும் தெரியும். ஆனால் ஆறடி உயரத்திலிருந்து முதுகில் விழுகிறவனுக்குப் பேசி வைத்ததால் வலி குறையப் போவதில்லை. அப்படி விழுந்து எழுந்து, மறுநாள் காலையில் டெலிவரி வேலைக்குப் போகிற பிள்ளைகள் நீங்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் சின்ன வயசிலேயே பிடித்தது. எங்கள் சாலில், வரிசை வீடுகள் இருக்கிற அந்தக் கட்டிடத்தில், கேபிள் வந்த புதிதில் ஒரே ஒரு வீட்டில்தான் கலர் டிவி. சாயங்காலம் அந்த வீட்டு வாசலில் இருபது செருப்பு கிடக்கும். மல்யுத்த வீரர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு வாங்குவதற்காக மத்தியான வடாபாவைத் தியாகம் செய்த தலைமுறை நாங்கள். உயரம், எடை, நெஞ்சளவு, ஜெயித்த சண்டை எல்லாம் மனப்பாடம். அண்டர்டேக்கர் என்ற அமெரிக்க மல்யுத்த வீரருக்கு ஏழு உயிர் என்று எங்கள் சாலில் ஒருத்தன் சத்தியம் செய்தான். நாங்கள் அத்தனை பேரும் நம்பினோம். ஏன் நம்பினோம்? அவர் அடித்த அடியைப் பார்த்தா? இல்லை. அந்த மணிச் சத்தம். விளக்கு அணைந்து 'டங்' என்று ஒரு அடி. அப்புறம் ஷோபான் என்ற ஐரோப்பிய இசையமைப்பாளரின் சவ ஊர்வல இசையை வைத்துச் செய்த அந்த மெட்டு. அவர் திரையை விலக்கி வருவதற்குள் எங்களுக்கு வயிறு கலங்கிவிடும். ஆள் ரிங்குக்குள் வருவதற்கு முன்பே அவர் யார் என்று அந்த ஒரு மணி சொல்லி முடித்துவிட்டது.

அதனால்தான் உங்கள் பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் பையன் ஒருத்தன், தமிழ்ப் பையன், போன மாதம் என் பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு கட்டம் போட்ட லுங்கி. "அண்ணே, இதுல இடுப்புப் பக்கம் வெல்க்ரோ வெச்சுக் குடுங்க, ஒரே இழுப்புல வரணும்" என்றான். உள்ளே கறுப்பு ஷார்ட்ஸ் போட்டுக்கொள்வானாம். ஏதோ உடை மாற்றுகிற வித்தை போல என்று நினைத்தேன். இரண்டு அங்குல வெல்க்ரோவை மூன்று துண்டாக வெட்டி, லுங்கித் துணி மெலிசு என்பதால் உள்ளே கேன்வாஸ் பட்டி கொடுத்துத் தைத்தேன். இழுத்துப் பார்த்தோம். 'சர்ர்' என்று வந்துவிட்டது. காசு வாங்கவில்லை. அவன் அப்பா என்னோடு படித்தவர்.

ஷோ அன்றைக்கு என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தேன். நான் செய்த பெல்ட்டை மேடையில் பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. அந்த பெல்ட்டுக்கு எருமைத் தோல் எடுத்து, இரண்டு அடுக்காக சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஓரத்தைச் சீவி, நாலு நாள் உட்கார்ந்தேன். இடுப்பில் மாட்டுகிற டிச் பட்டனை மட்டும் அப்பாதான் அடித்தார். அவருக்கு 77 வயசு. சுத்தியல் இன்னும் கை நடுங்காமல் விழும். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மரியாதையாக உட்கார வைத்தீர்கள். அதற்கு நன்றி.

மூன்றாவது சண்டை. விளக்கை அணைத்தீர்கள். ஸ்பீக்கரில் மகுடி. பாம்பாட்டி ஊதுகிற அதே நெளிவு. நடுநடுவே மூக்கால் இழுத்த ஒரு குரல், "அய்யய்யோ". திரையை விலக்கிக்கொண்டு நம் பையன் வந்தான். லுங்கி, எண்ணெய் வழிய வாரிய தலை, நெற்றி நிறையப் பட்டை, கையில் இட்லித் தட்டு. மைக்கில் அறிவிப்பு: "மெட்ராஸி". ஊர்ப் பெயர் கிடையாது, ஆள் பெயர் கிடையாது. கூட்டம் சிரித்தது. சண்டை நடுவில் எதிராளி அவன் லுங்கியைப் பிடித்து இழுத்தான். நான் வைத்த வெல்க்ரோ 'சர்ர்' என்று வந்தது. திரும்பவும் அந்த மகுடி. கூட்டத்தில் பாதிப் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். இழுத்தவன் லுங்கியைத் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு ரிங்கை வலம் வந்தான். அந்த மராத்திப் பையன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவன் நம் பையன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு சாப்பிடுகிறவன். நீங்கள் சொன்னதைச் செய்தான்.

திரும்பிப் பார்த்தால் பக்கத்து நாற்காலி காலி. அப்பா போய்விட்டார். பெல்ட் சண்டை வரைக்கும் இருக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது படுத்திருந்தார். என்னப்பா என்று கேட்டேன். "பாட்டு போட்ட பையனுக்கு என்ன வயசு?" என்றார். இருபது, இருபத்திரண்டு இருக்கும் என்றேன். "அவனுக்குத் தெரியாது. உனக்குமா தெரியாது?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்குத் தெரியும் தம்பிகளே. தெரிந்தும் அந்த நிமிஷம் வரைக்கும் உறைக்கவில்லை. உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

அப்பா 1965-ல் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்தார். அடுத்த சில வருஷங்களில் இந்த நகரத்தில் தென்னிந்தியர்களுக்கு எதிராக ஒரு கோஷம் கிளம்பியது. "பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி." புங்கியை ஊது, லுங்கியை விரட்டு. புங்கி என்றால் நம் மகுடிதான். லுங்கி என்றால் நாம்தான். மலையாளியும் கன்னடக்காரரும் சேர்ந்து எல்லாரும் ஒரே லுங்கி, எல்லாரும் ஒரே 'மெட்ராஸி'. உடுப்பி ஹோட்டல்களின் கண்ணாடி உடைந்த காலம். அப்பா வீட்டுக்குள் லுங்கியோடு இருப்பார். தாதர் பக்கம் போக வேண்டியிருந்தால் பேண்ட் மாட்டிக்கொண்டுதான் வெளியே கால் வைப்பார். அந்த ஒரே பேண்ட்டை அவரும் பெரியப்பாவும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். ஒருநாள் ராத்திரி ஷிஃப்ட் முடித்து லுங்கியோடு வந்தவரை நாலு பேர் ரயில்வே பிரிட்ஜில் நிறுத்தினார்கள். என்ன நடந்தது என்று இன்றுவரை அவர் சொன்னதில்லை. அன்றைக்கு அம்மா சுருட்டி வைத்த லுங்கியை மறுபடி கட்டவில்லை என்பது மட்டும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அறுபது வருஷம் கழித்து, தாராவியில், ஒரு தமிழ்ப் பையனுக்கு மகுடி ஊதி, லுங்கியை உருவி, கூட்டத்தைக் கைதட்ட வைத்தோம். கோஷத்தில் இருந்த இரண்டு பாதியையும் வரிசை மாறாமல் நடத்திக் காட்டிவிட்டோம். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. நெட்டில் 'சவுத் இந்தியன் காமெடி மியூசிக்' என்று தேடினால் முதலில் வந்ததை எடுத்துப் போட்டிருப்பீர்கள். அதுதான் எனக்குக் கவலை. யோசிக்காமல் கை வைத்தால் அந்த மெட்டுதான் முதலில் கிடைக்கிறது.

அந்தக் கோஷம் ஓடிய அதே காலத்தில்தான், 1968-ல், இதே மும்பையில் தாரா சிங் அமெரிக்காவின் லூ தெஸ்ஸைத் தோற்கடித்தார். அப்பா அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு பஞ்சாபியை இந்த ஊர் தன் ஆளாகத் தூக்கிக் கொண்டாடியது. அதைச் சொல்லும்போது அப்பாவுக்கு இன்னும் முகம் மலரும். வெளியூர்க்காரனை வரவேற்கத் தெரியாத நகரமில்லை இது. யாரை எப்படி அறிமுகம் செய்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது.

சரி, உங்கள் பதில் எனக்குத் தெரியும். அன்றைக்கே வாசலில் ஒரு தம்பி சொன்னான். "அண்ணே, இது கிம்மிக். உலகம் முழுக்க இப்படித்தான் பண்றாங்க." கிம்மிக் என்றால் ரிங்கில் ஆளுக்கு மாட்டிவிடுகிற வேஷம். உண்மைதான், அப்படித்தான் செய்தார்கள். அந்தக் கதையை முழுசாகப் பார்ப்போம்.

நம் ஊர்ப் பெயரிலேயே ஒருத்தர் இருந்தார். ஈசிடபிள்யூ என்ற அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியில் மேஜை மேஜையாக உடைத்துக்கொண்டு விழுந்த சாபு. அறிவிப்பாளர் அவரை பாம்பே, இந்தியா என்று சொல்லித்தான் அழைப்பார். தலைப்பாகை, பேசாத வாய், காட்டு வெறி. அவர் மிச்சிகன்காரர். பெயர் டெரி பிரங்க், லெபனான் வழிக் குடும்பம். அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மாமா, 'ஷேக்' என்ற பெயரில் ஆடியவர், அவரும் மிச்சிகன்தான். 2025 மே மாதம் சாபு இறந்தபோது நான் உண்மையாகவே வருத்தப்பட்டேன். உடம்பை அப்படி எரித்துக்கொண்ட ஆட்டக்காரர் அவர். ஆனால் அமெரிக்காவில் ஒரு தலைமுறை, பாம்பேக்காரன் என்றால் பேச்சு வராத வெறியன் என்று பார்த்து வளர்ந்தது. யோகோஸூனா ஜப்பானிய சுமோ வீரராக வந்தார், அவர் சமோவா வம்சம். உகாண்டா காட்டு மனிதராக வந்த கமாலா மிசிசிப்பியில் பிறந்தவர். பட்டியல் நீளம், விடுங்கள்.

ஜிண்டர் மஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் பிறந்த சீக்கியப் பையன். 2017 மே மாதம் ராண்டி ஆர்ட்டனைத் தோற்கடித்து, டபிள்யூடபிள்யூஇ என்ற பெரிய அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியின் சாம்பியன் ஆனார். அவருக்குக் கொடுத்த வேஷம் மகாராஜா. தலைப்பாகை, பட்டு, கூடவே இரண்டு சேவகர்கள், அமெரிக்கக் கூட்டத்தைப் பார்த்து பஞ்சாபியில் பேச்சு. அந்நியன் என்பதற்காகவே திட்டு வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதே மனிதர் அந்த வருஷம் டிசம்பரில் டெல்லியில் டிரிபிள் ஹெச் என்ற வீரரோடு மோத வந்தபோது நம் ஊர்ப் பிள்ளையாக வந்து நின்றார். அமெரிக்காவில் வில்லனுக்கு அடையாளமாக இருந்த அதே தலைப்பாகையும் அதே பஞ்சாபி மெட்டும்தான் டெல்லியில் வீட்டுப் பிள்ளைக்கு அடையாளம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் கோஃபி கிங்ஸ்டன். ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் பிறந்தவர். 2008-ல் டிவியில் அறிமுகம் செய்தபோது அவரை ஜமைக்காக்காரர் என்றார்கள். ரெகே பாட்டு, வரவழைத்துக்கொண்ட பேச்சு. அவரும் ஒத்துக்கொண்டுதான் செய்தார். கொஞ்ச காலத்தில் அந்தப் பேச்சைக் கைவிட்டார்கள், கானா என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 2014-ல் அவரையும் பிக் ஈ, சேவியர் உட்ஸ் இருவரையும் சேர்த்து 'நியூ டே' என்று ஒரு குழு. மூன்று பேரும் கறுப்பினத்தவர்கள், அதனால் சர்ச் பாட்டு, கைதட்டல், பிரசங்கம் என்று ஒரு வேஷம் கொடுத்தார்கள். யாரோ உட்கார்ந்து யோசித்த, அச்சில் வார்த்த வேஷம். ஜனம் அடியோடு வெறுத்தது. அந்தக் கைதட்டலுக்கே வசவை மெட்டாக்கிக் கத்தினார்கள். அந்த மூன்று பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? வேஷத்தைத் தங்கள் கைக்குள் கொண்டுவந்தார்கள். நிஜ வாழ்க்கையில் இருக்கிற கோமாளித்தனம், வீடியோ கேம், டிராம்போன் என்று தாங்கள் யாரோ அதை உள்ளே கொண்டுவந்தார்கள். உட்ஸ் அந்த டிராம்போனை ரிங் ஓரத்தில் நின்று ஊதினால் பத்தாயிரம் பேர் கூடவே ஆடுவார்கள். அப்புறம் 483 நாள் டேக் டீம் சாம்பியன்கள், அதாவது ஜோடி ஆட்டத்துக்கான சாம்பியன்கள். 2019 ஏப்ரலில் ரெஸில்மேனியா என்ற பெரிய ஷோவில் கோஃபி உலக சாம்பியன் ஆனார், அதே வருஷம் பெல்ட்டோடு கானாவுக்குப் போனார். ஜமைக்கா பொய்யிலிருந்து அந்த இடத்துக்கு 11 வருஷம். நம் பையனுக்கு அத்தனை வருஷம் எதற்கு? வேஷம் எழுதுகிறவர்கள் நீங்கள். அவன் உங்களோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறான்.

"அவனே ஒத்துக்கிட்டான்" என்றும் சொன்னீர்கள். தம்பி, அவனுக்கு 22 வயசு, முதல் வாய்ப்பு. தலைகீழாக வா என்றாலும் வருவான். ஒத்துக்கொண்டதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பயிற்சியில் அவன் சிரிப்பதையும், ஷோ முடிந்ததும் தங்கச்சியை வெளியே பார்க்கப் போகாமல் பின்வாசல் வழியாகப் போனதையும் சேர்த்துப் பாருங்கள்.

லுங்கியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரையும் போல டிரவுசரில் வரட்டும் என்று நான் கேட்கவில்லை. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். லுங்கியோடு வரட்டும். ஹரியானாவின் கவிதா தேவி 2017-ல் டபிள்யூடபிள்யூஇ ரிங்கில் சல்வார் கமீஸோடுதான் இறங்கினார். அவர் எடை தூக்கும் வீராங்கனை. எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கினார், அந்த வீடியோவை ஊரே பார்த்தது. அந்த உடையை யாரும் இழுத்து விளையாடவில்லை. இந்த உடுப்போடு வருகிறவளுக்கு இவ்வளவு வலு என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

நம் ஊரில் ஒரு ஆள் லுங்கியை மடித்துக் கட்டினால் என்ன அர்த்தம்? தெருவில் யாருக்கும் விளக்கம் வேண்டாம். பேச்சு முடிந்தது, இனி கைதான் பேசும் என்று அர்த்தம். இவ்வளவு பெரிய சைகை நம்மிடம் இருக்கும்போது நீங்கள் வெல்க்ரோவைத் தேடிப் போனீர்கள். திரையை விலக்கி வந்து, நின்று, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்து, குனிந்து லுங்கியை மடித்துக் கட்டட்டும். தாராவிக் கூட்டம் அந்த ஒரு நொடிக்கு விசில் அடிக்கும். அப்புறம் ரிங்கில் ஏறித் தார்பாய்ச்சிக் கட்டினால் எதிராளி தொங்கினாலும் வராது. இழுக்கப் பார்த்து முடியாமல் எதிராளி முழிப்பதே ஒரு ஆட்டமாகிவிடும்.

இனி பாட்டு. அதுதான் என் மனசில் பெரிசாக இருக்கிறது.

1940-களில் கார்ஜியஸ் ஜார்ஜ் என்று ஒருவர் அமெரிக்காவில் ஆடினார். பொன்னிறச் சுருட்டை முடி, கூடவே வாசனைத் திரவியம் தெளிக்க ஒரு வேலையாள், எல்கர் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளர் அமைத்த ராஜ கம்பீரமான அணிவகுப்பு இசை. அந்த இசையைக் கேட்டதும் ஜனம் திட்ட ஆரம்பித்துவிடும். 1980-களில் ஃப்ரீபேர்ட்ஸ் என்ற மூவர் குழுவில் மைக்கேல் ஹேய்ஸ் தன் குழுவுக்கான பாட்டைத் தானே பாடிப் பதிவு செய்தார். 2012-ல் வந்த ஷீல்டு குழு மேடைப்பக்கம் வராமல் ஜனத்துக்கு நடுவே படிக்கட்டில் இறங்கி வந்தது. இசைக்கு முன்னால் ராணுவ வயர்லெஸ் பாணியில் குழுப் பெயரின் ஒவ்வொரு எழுத்தும் வரும். ஐ என்ற எழுத்துக்கு 'இந்தியா' என்று வரும்போது எங்கள் பட்டறைப் பையன்கள் கத்துவார்கள். ஸ்டீவ் ஆஸ்டினுக்குக் கண்ணாடி உடையும் சத்தம் ஒன்றே போதும். அந்தக் கண்ணாடி, அண்டர்டேக்கரின் மெட்டு, இன்னும் எத்தனையோ செய்தவர் ஜிம் ஜான்ஸ்டன். 32 வருஷம் டபிள்யூடபிள்யூஇ என்ற ஒரே கம்பெனியில் இதே வேலை. இந்தப் பாட்டுகளை வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், முதல் இரண்டு வினாடியிலேயே ஆள் தெரிந்துவிடுவார். பல்லவி சரணத்துக்கு நேரமே இல்லை.

இது நமக்குப் புதிதும் இல்லை. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று பாடித்தான் வேஷக்காரர் வருவார், நீ யார் என்று கட்டியக்காரன் கேட்பான். எங்கள் ஊர்ச் சுடலைமாடன் கொடையில் மேளக்காரர் அடியை மாற்றியதும், எந்தச் சாமி வரப்போகிறது என்று பெண்கள் எழுந்து வழிவிடுவார்கள். அடி தப்பினால் சாமி வராது என்பார் அப்பா. நீங்கள் போட்ட மகுடி தப்பான அடி.

இன்னொன்று சொல்லவேண்டும். என் மகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிற டீச்சர், நான் பெல்ட் தைப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னது. புறநானூற்றில் மல்யுத்தப் பாட்டு இருக்கிறது. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு மோதியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். ஒரு கால் மல்லன் நெஞ்சில், இன்னொரு கால் பின்பக்கம் வளைத்து அவன் தந்திரத்தைத் தடுக்கிறது என்று பிடியையே எழுதிவைத்திருக்கிறார். அடுத்து 82-ஆவது பாட்டில் அந்தச் சண்டையின் வேகத்துக்கு ஒரு உவமை வருகிறது. ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம். மழை பெய்கிறது, பொழுது சாய்கிறது. கட்டிலுக்கு வார் பின்னுகிற தொழிலாளி சீக்கிரம் முடித்துவிட்டு ஓடவேண்டும். அவன் கையில் வாரைச் செலுத்துகிற ஊசி எவ்வளவு வேகமாகப் போகுமோ, அதைவிட வேகமாம் அந்த மற்போர்.

தம்பிகளே, நான் எட்டாவதோடு பட்டறைக்கு வந்தவன். சோழன் போட்ட மல்யுத்தத்துக்கு உவமை தேடிய புலவர் தோல் தைக்கிற கையைப் பார்த்திருக்கிறார் என்று கேட்டபோது மெஷினை நிறுத்திவிட்டேன். அதே பாட்டில் அந்தத் தொழிலாளியை 'இழிசினன்' என்று ஒரு சொல்லால் சொல்லியிருக்கிறார்கள். அதையும் டீச்சர் மறைக்காமல் சொன்னார். வேலையைப் புகழ்ந்த வாயே ஆளுக்குக் கீழான பெயரை மாட்டிவிட்டது. பறைக்கும் அதையேதான் செய்தார்கள், சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். நம் பையனுக்கு நீங்கள் கொடுத்த பெயரையும் நான் இந்த வரிசையில்தான் வைக்கிறேன். கோபப்படாதீர்கள், யோசியுங்கள்.

அவன் யார் வீட்டுப் பிள்ளை? தாத்தா தோல் கிடங்கில் வேலை பார்த்தவர். அப்பா பகலில் பை தைக்கிறார், பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் பறை அடிக்கிறார். பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, போதாது என்று மறுபடி காய்ச்சுவார். சுண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் அவர் கையில் ஏறினால் சயான் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும். உங்கள் ஸ்பீக்கருக்குப் பாட்டு தேட நெட்டுக்கு ஏன் போனீர்கள்?

நான் நினைப்பது இதுதான். விளக்கு அணைகிறது. இருட்டில் தோல் மெஷின் சத்தம் மட்டும். முதலில் ஒவ்வொரு தையலாக, டக்... டக்... டக். அப்புறம் வேகம் பிடிக்கிறது. திருவிழாவும் பிரசவமும் மழையும் ஒன்றாக வந்தவன் கைவேகம். அது உச்சத்துக்குப் போகும்போது மெஷின் நிற்கிறது. ஒரு மூச்சு அமைதி. அப்புறம் அதே தாளத்தைப் பறை எடுக்கிறது. அவன் வருகிறான், லுங்கியை மடித்துக் கட்டுகிறான். அவ்வளவுதான், இருபது வினாடி போதும். அவன் வில்லனாக வேண்டுமா, ஆகட்டும். ஏமாற்றட்டும், ரெஃப்ரியின் முதுகுக்குப் பின்னால் கண்ணில் குத்தட்டும், கூட்டம் வாய் வலிக்கத் திட்டட்டும். அவன் செய்த காரியத்துக்குத் திட்டட்டும். காமெடி வேண்டுமா, அவன் வாய்க்கே விடுங்கள். ஹிந்தியில் ஆரம்பித்து கோபம் வந்ததும் திருநெல்வேலித் தமிழுக்குத் தாவுவானே, அதற்கு எங்கள் பட்டறையில் பிஹார்ப் பையன்களே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பெயரை அவனே வைத்துக்கொள்ளட்டும். அறிவிப்பில் மட்டும் 'தாராவி, மும்பை' என்று சொல்லுங்கள். அவன் பிறந்தது இங்கேதான்.

செலவு பற்றி யோசிக்க வேண்டாம். எங்கள் சந்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் மற்ற மெஷின்கள் நின்றுவிடும். நாய் குரைப்பதைத் தவிரச் சத்தம் இருக்காது. என்னிடம் பழைய ஒற்றை ஊசி மெஷின் ஒன்று இருக்கிறது, புதுசை விட அதன் சத்தம் கனம். அப்பாவிடம் பேசிவிட்டேன். தையலை மெதுவாக ஆரம்பித்து வேகமெடுப்பதை அவரே ஓட்டிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பையனின் அப்பாவுக்கும் சம்மதம், பறையைக் காய்ச்ச வெளியே இடம் மட்டும் வேண்டும் என்றார்.

வருகிற சனிக்கிழமை வாருங்கள். ரெக்கார்டு செய்கிற மைக் உங்களிடம் இருக்கிறது, அதைக் கொண்டுவாருங்கள். பாட்டு போடுகிற அந்தத் தம்பி கட்டாயம் வரட்டும், அப்பா அவனோடு கொஞ்சம் பேசவேண்டும் என்கிறார். அந்த லுங்கியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு ஓரத்தை அடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
பெல்ட் தைத்த அண்ணன்
தாராவி, மும்பை